பசுமைப் பட்டாசு: யாருக்குப் பசுமை?

தீபாவளிக்கு வாங்கும் பட்டாசுப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பச்சை நிறத்தில் ஒரு முத்திரையும், கியூஆர் குறியீடும் இருக்கும். 'நீரி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்த கலவையில் செய்த பட்டாசு, வழக்கமானதைவிட 30 சதவீதமாவது நுண்துகள் குறைவு என்பதற்கு அது அடையாளம். வாங்குகிறவர் தன் குழந்தையின் நுரையீரலைப் பற்றிக் கொஞ்சம் நிம்மதியடையலாம்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தது யார்? எந்த அறையில்? அந்த அறையில் அன்றைக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? அவருக்கு நாள் கூலியா, பீஸ் ரேட்டா? அவர் பெயர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருந்ததா? உரிமம் வைத்திருப்பவரே ஆலையை நடத்தினாரா, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருந்தாரா? இதில் எதையும் அந்தக் குறியீடு சொல்லாது.

நாம் இங்கே வைக்கும் வாதம் ஒன்றுதான். ஒரு பொருள் எரியும்போது எவ்வளவு புகை வருகிறது என்று மட்டும் அளந்துவிட்டு, அதைச் செய்யும்போது எத்தனை உயிர் போகிறது என்று அளக்காமல் விட்டால், அதை நீடித்த உற்பத்தி என்று சொல்லக் கூடாது. புகை வாங்குகிறவரின் வீட்டில் வருகிறது, அதனால் அதை அளக்கக் கருவி வந்தது. உயிர் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் நம் தெருக்களில் போகிறது.

இரண்டு வழக்குகள்

2015-ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுத்தார்கள். அர்ஜுன் கோபால் வழக்கு என்று அதற்குப் பெயர். சுத்தமான காற்று வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்பது வாதம். 2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்புகள் கூடாது, சரவெடி கூடாது, மாசு குறைந்த பட்டாசு மட்டுமே, தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டுமே. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. 2019 அக்டோபரில் 'பசுமைப் பட்டாசு' அதிகாரபூர்வமாக அறிமுகமானது. 2025 அக்டோபரில் டெல்லியில் சில நாட்களுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தபோதும், கியூஆர் குறியீடு உள்ள பசுமைப் பட்டாசை மட்டும்தான் அனுமதித்தது.

இந்த வழக்கை நாம் குறை சொல்லவில்லை. காற்று கெட்டால் முதலில் இருமுவது சாலையோரத்தில் படுத்திருப்பவர். தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் வெடித்த காகிதக் குப்பையை வெறுங்கையால் அள்ளுகிற தூய்மைப் பணியாளர்களும் நம் மக்கள்தான். சுத்தமான காற்று நமக்கும் வேண்டும்.

ஆனால் இதற்கு வெகுகாலம் முன்பே, 1986-ல், சிவகாசியைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு போனது. எம்.சி.மேத்தா தொடுத்த அந்த வழக்கும் குழந்தைகளைப் பற்றியதுதான். அந்தக் குழந்தைகள் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். 1990-ல் வந்த தீர்ப்பு, ஆலைத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்யச் சொன்னது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

பெரிய ஆலைகளில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு அந்தத் தீர்ப்பு மட்டும் காரணமல்ல. சத்துணவு, அரசுப் பள்ளி, 'என் பிள்ளை இந்த வேலைக்கு வர வேண்டாம்' என்று பிடிவாதமாக நின்ற தாய்மார்கள் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு பாடம் அதில் இருக்கிறது. தவறுக்கான செலவு முதலாளியின் கணக்கில் ஏறும்போதுதான் ஆலை மாறும். புத்திமதி சொல்லி எந்த ஆலையும் மாறியதில்லை.

முத்திரை வந்த பிறகு

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். இனிமேல் இப்படி நடக்காது என்று அன்று எல்லோரும் சொன்னார்கள்.

பசுமைப் பட்டாசு வந்த பிறகான கணக்கை மட்டும் பார்ப்போம். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம், கிச்சநாயக்கன்பட்டி: ஒரே நாளில் 14 பேர், பெரும்பாலும் பெண்கள். 2024 மே 9, செங்கமலப்பட்டி: 8 பேருக்குக் குறையாமல். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி: 9 பேருக்குக் குறையாமல். இவை தலைப்புச் செய்தியானவை மட்டும். ஒருவர், இருவர் என்று இறந்தவை உள்ளூர்ப் பக்கத்தோடு முடிந்துபோகும். பாதி உடம்பு வெந்து, மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, பிறகு கை மடங்காமல் வீட்டுக்குத் திரும்பியவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பசுமைப் பட்டாசும் வெடிமருந்துதான். அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் உரசினால் பற்றும், ஈரம் பட்டுச் சூடேறினால் பற்றும். கலவையில் பேரியத்தை எடுத்துவிட்டால் புகையின் தன்மை மாறும். அதை அடைக்கிற அறையின் நெருக்கடி மாறாது.

எது உரசுகிறது?

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'மருந்து உராய்வினால் விபத்து' என்று ஒரே வரியில் செய்தி வரும். அது வேதியியல்படி சரி. ஆனால் அந்த வரி, குற்றத்தை மருந்தை அடைத்துக்கொண்டிருந்த கையின் மேல் போட்டுவிடுகிறது. அந்தக் கையும் பெரும்பாலும் உயிரோடு இருக்காது, பதில் சொல்ல வராது.

விதி என்ன சொல்கிறது? பட்டாசு ஆலையில் ஓர் அறையில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. மருந்து கலக்கும் அறையில் அதைவிடக் குறைவு. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும். மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் வைத்து மருந்து அடைக்கக் கூடாது. கலந்த மருந்தை மிச்சம் வைத்து மறுநாள் எடுக்கக் கூடாது. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து அறையில் இருக்கக் கூடாது. உரிமம் பெற்றவர் ஆலையை வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விடக் கூடாது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் முன்பு செத்தவர்கள் இருக்கிறார்கள். ஓர் அறை வெடித்தால் நாலு பேரோடு நிற்கட்டும் என்பதற்காகத்தான் அந்த எண்ணிக்கை.

அப்புறம் ஏன் ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் உட்காருகிறார்கள்? வியாபாரச் சங்கிலியை மேலிருந்து கீழே பார்த்தால் விடை கிடைக்கும். வட இந்திய மொத்த வியாபாரி முன்பணம் கொடுத்து ஆர்டர் போடுகிறார். சரக்கு இந்தத் தேதிக்குள் லாரியில் ஏற வேண்டும், பிந்தினால் வாங்க மாட்டார். உரிமம் வைத்திருப்பவர் முழு ஆலையையும் நடத்தி நஷ்டப்பட விரும்பாமல், அறைகளைப் பிரித்து உள்குத்தகைக்கு விடுகிறார். உள்குத்தகை எடுத்தவருக்கு அந்த ஆலையோடு உள்ள உறவு ஒரு சீசன் மட்டும்தான். போட்ட காசை அதற்குள் எடுத்தாக வேண்டும். அவர் தொழிலாளிக்கு பீஸ் ரேட் கொடுக்கிறார். இத்தனை குரோஸ் முடித்தால் இவ்வளவு கூலி. மழை பெய்தால் கூலி இல்லை, சோதனை என்று ஆலையைப் பூட்டினால் கூலி இல்லை. ஆகவே வெயில் அடிக்கிற நாளில் தொழிலாளியும் வேகமாக அடைக்கிறார். மேலே உள்ள ஒவ்வொருவரின் அவசரமும் இறங்கி இறங்கி, கடைசியில் மருந்துக் குழாயைப் பிடித்திருக்கிற ஒரு பெண்ணின் விரல் நுனியில் வந்து நிற்கிறது. உரசுவது அதுதான்.

அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்தது. முன்னாள் நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. அங்கேயும் வெளியே வந்தது இந்த உள்குத்தகைக் கதைதான்.

விபத்துக்குப் பிறகு கைதாகிறவர்கள் பெரும்பாலும் போர்மேன், மேலாளர், உள்குத்தகைக்காரர். உள்குத்தகைக்காரர் சில நேரம் நேற்றுவரை கூலிக்குப் போனவராகவே இருப்பார், நம் ஊர்க்காரராகவும் இருப்பார். அவர் செய்தது குற்றம்தான். ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து இழுத்தால் சங்கிலி அறுந்துவிடாது. அடுத்த சீசனுக்கு இன்னொருவர் அந்த அறையை எடுப்பார்.

அறைக்குள் உட்காருவது யார்?

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த கரிசல் பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு வெள்ளாமை, இல்லாவிட்டால் சீமைக்கருவேலம்தான். நிலம் உள்ளவர்களே தவிக்கிற பூமியில் நிலம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தலித் குடும்பங்களில் பெரும்பாலானவை நிலமற்றவை. அதனால்தான் காலையில் நம் தெருமுனைக்கு ஆலை வேன் வருகிறது. எல்லாச் சாதி ஏழைகளும் அந்த வேனில் ஏறுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எந்தத் தெருவில் வேன் முதலில் நிரம்புகிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆபத்தான வேலையும் அசுத்தமான வேலையும் பரம்பரை பரம்பரையாக யார் தலையில் விழுகிறது என்பதுதான் சாதியின் அடிப்படைக் கணக்கு. மலக்குழியில் இறங்குவதற்கும், மருந்து அறையில் உட்காருவதற்கும் வேறு வேறு சட்டங்கள் இருக்கலாம். 'அந்த வேலைக்கு ஆள் கிடைக்கும்' என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. அந்த நம்பிக்கையின் பெயர்தான் சாதி. செத்தால் பெரிதாக யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இங்கே சிவகாசியின் இன்னொரு வரலாற்றையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். இந்தத் தொழிலைக் கட்டியெழுப்பிய நாடார் சமூகம், ஒரு காலத்தில் கோயிலுக்குள் நுழைய முடியாமல் தடுக்கப்பட்ட சமூகம். 1899-ல் சிவகாசிக் கொள்ளையில் வீடுகளைப் பறிகொடுத்த சமூகம். அவர்கள் எப்படி எழுந்தார்கள்? மகமை என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகையைப் பொதுப் பெட்டியில் போட்டார்கள். அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகரில் 1889-லேயே சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. 1923-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே மகமை இருந்தது என்பதை நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதை நாம் ஏளனத்துக்காகச் சொல்லவில்லை, மரியாதையோடுதான் சொல்கிறோம். ஒரு பொருளின் விற்பனையிலிருந்து ஒரு சிறு பங்கைப் பொதுவில் வைத்தால் ஒரு சமூகமே எழுந்து நிற்கும் என்பதை இந்த மண் உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. அப்படியானால் கேட்கிறோம்: 90 சதவீதம் என்று சொல்கிறார்களே, இந்தியாவின் அத்தனை பட்டாசையும் தன் கையால் செய்கிற மக்களுக்கான மகமை எங்கே?

நியாய வணிகம் என்பது என்ன?

உலகில் இதே கேள்வியை வேறு பொருட்களில் கேட்டிருக்கிறார்கள். மெக்சிகோவின் மலைப்பகுதிப் பழங்குடிக் காப்பி விவசாயிகளின் கூட்டுறவோடு சேர்ந்து 1988-ல் நெதர்லாந்தில் நியாய வணிக முத்திரை தொடங்கியது. சந்தையில் விலை விழுந்தாலும் அவர்களுக்கு ஒரு குறைந்தபட்ச விலை. அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகை. அந்தத் தொகையைப் பள்ளிக்கா, சாலைக்கா, மருத்துவத்துக்கா எதற்குச் செலவழிப்பது என்று அவர்களே கூடி முடிவு செய்வார்கள். 1994-ல் இந்தியாவில், குழந்தைகளைக் கொண்டு நெய்யாத கம்பளங்களுக்கு 'ரக்மார்க்' முத்திரை வந்தது.

முத்திரைகளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். வாசலில் சோதனை கூடினால் வேலை வாசலுக்கு வெளியே போய்விடும். நம் மாவட்டத்தில் வீடுகளில் கருந்திரி தயாரித்ததாக அடிக்கடி வழக்குப் பதிவாகிறதே, அது அப்படித்தான். ஆலையில் இருக்க வேண்டிய ஆபத்து, அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் பக்கத்தில் வந்துவிடுகிறது. பிடிபடுவது அந்த வீட்டுப் பெண். அந்தத் திரியை வாங்கிக்கொண்டவர் யார் என்பது வெளியே வருவதில்லை.

முத்திரையைவிட உறுதியான ஒன்றை வங்கதேசம் காட்டியது. 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து, 1,100-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அது விருப்பத்தின் பேரில் செய்த வாக்குறுதியல்ல, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக்கூடிய ஒப்பந்தம். ஆலைகளைத் தனி ஆய்வாளர்கள் சோதித்தார்கள், முடிவுகளைப் பொதுவில் வெளியிட்டார்கள். ஆலையைச் சரிசெய்யும் செலவில் வாங்குகிறவருக்கும் பொறுப்பு வந்தது. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

சிவகாசியில் வெளிநாட்டு நிறுவனம் இல்லை. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் இருக்கிறது, முன்பணம் கொடுத்த மொத்த வியாபாரி இருக்கிறார். அவர்கள் பெயர் எந்த விபத்து வழக்கிலும் வருவதில்லை.

அம்பேத்கர் போட்ட வரி

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடித்தான் போக வேண்டும் என்றில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். 1944-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. சுரங்கத்திலிருந்து வெளியே போகும் நிலக்கரி மீது ஒரு தீர்வை, அதிலிருந்து தொழிலாளிக்கு வீடு, குடிநீர், மருத்துவம், கல்வி. 1946-ல் மைக்கா சுரங்கங்களுக்கும் அதே போல ஒரு சட்டம். அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறவர்கள் இந்த அம்பேத்கரையும் படிக்க வேண்டும்.

அந்த வழியில்தான் 1976-ல் பீடித் தொழிலாளர்களுக்காகப் பீடி மீது தீர்வை வந்தது. பீடித் தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை அதிலிருந்து போனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் நலத் தீர்வை இன்றும் இருக்கிறது. கட்டடச் செலவில் 1 சதவீதம் முதல் 2 சதவீதம் வரை வசூலிக்க அதில் இடமுண்டு. அதனால் 'ஜிஎஸ்டி வந்துவிட்டது, இனித் தீர்வை முடியாது' என்ற பதிலை நாம் ஏற்க வேண்டியதில்லை. மனமிருந்தால் மார்க்கம் உண்டு.

பட்டாசுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? உற்பத்தியாளர்கள் ஊடகங்களுக்குச் சொல்லும் கணக்குப்படி தீபாவளி விற்பனை சுமார் 6,000 கோடி ரூபாய். அதில் 1 சதவீதம் 60 கோடி. 100 ரூபாய்ப் பெட்டிக்கு ஒரு ரூபாய். எந்த வீட்டுத் தீபாவளியும் ஒரு ரூபாயால் நின்றுவிடாது.

தமிழ்நாட்டில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்து, முதல் கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கினார். நல்ல அறிவிப்புதான், வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பணம் மக்களின் வரிப்பணம். லாபம் தொழிலுக்கு, அனாதைப் பிள்ளைகள் அரசுக்கு என்ற பிரிவினை நியாயமாகாது.

இழப்பீட்டையும் பாருங்கள். அச்சங்குளத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மற்ற விபத்துகளில் அரசு அறிவிக்கும் நிவாரணம் 3 லட்சம், 4 லட்சம் என்று போகிறது. ஒரே மாவட்டம், ஒரே வேலை, ஒரே சாவு. எந்த ஆண்டு செத்தார், யார் வழக்கை எடுத்தார் என்பதைப் பொறுத்து உயிரின் விலை மாறுகிறது. சட்டப்படி வர வேண்டிய இழப்பீடு உரிமை. நிவாரணம் கருணை. நமக்குக் கருணையைக் காட்டி உரிமையை மறக்கடிக்கிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, பட்டாசு விற்பனை மீது தொழிலாளர் நலத் தீர்வை. அதை நிர்வகிக்கும் வாரியத்தில் பாதி இடம் ஆலைக்குள் வேலை செய்கிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு உரிய பங்கு. இரண்டு, இப்போது இருக்கும் அதே கியூஆர் குறியீட்டில் உரிமத்தின் எண், ஆலை இருக்கும் ஊர், அனுமதித்த தொழிலாளர் எண்ணிக்கை, கடைசியாகச் சோதனை நடந்த தேதி. மூன்று, உள்குத்தகை நிரூபணமானால் உரிமம் வைத்திருப்பவரும், அந்தச் சரக்குக்குத் தன் பெயர் கொடுத்தவரும் இழப்பீட்டில் பொறுப்பு. நான்கு, மருந்து அறையில் பீஸ் ரேட் கூடாது, மாதச் சம்பளம் வேண்டும். மெதுவாக வேலை செய்தால் கூலி குறையாது என்ற உறுதி இருந்தால்தான் அந்தக் கை நிதானமாக இயங்கும்.

'வேலையும் போய்விடும்' என்கிறார்கள்

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். 'கெடுபிடி கூடினால் ஆலை மூடும். உங்கள் மக்கள்தான் பட்டினி கிடப்பார்கள்.' 2017 டிசம்பர் இறுதியில் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேலும், 2018 தீர்ப்புக்குப் பிறகு மறுபடியும் மாதக்கணக்கிலும் ஆலைகளை மூடினார்கள். அப்போது தெருவில் இறங்கிப் போராடியது தொழிலாளர்கள். அந்தப் போராட்டத்தின் கோரிக்கை தொழிலைக் காப்பாற்றுங்கள் என்பது. மூடிய மாதங்களுக்குக் கூலி எங்கே? தொழிலுக்கு ஆபத்து வரும்போது நாம் 'எட்டு லட்சம் குடும்பம்' ஆகிறோம். விபத்து நடக்கும்போது 'அடையாளம் தெரியாத உடல்' ஆகிவிடுகிறோம்.

பட்டாசையே முற்றாகத் தடை செய்யுங்கள் என்கிற நண்பர்களிடமும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. மறுநாள் காலையில் அந்த வேன் வராது. சரி, வேறு என்ன வரும்? நிலமா? நூறு நாள் வேலையா? இன்றைக்கு வேறு கைகளில் கிடக்கும் பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடுப்பது பற்றி அந்தத் தீர்மானத்தில் ஒரு வரி இருக்குமா? மாற்று வாழ்வாதாரத்தைச் சொல்லாத தடை, காற்றைச் சுத்தப்படுத்தும் செலவையும் நம் வயிற்றின் மேல் எழுதுகிற தடை. பதிலோடு வாருங்கள், நாம் முதல் வரிசையில் நிற்போம்.

மாணவத் தோழர்களுக்கு

இதைப் படித்துவிட்டுப் பட்டாசு வெடிப்பதா வேண்டாமா என்று விவாதிப்பதோடு நின்றுவிடாதீர்கள். செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

அடுத்த விபத்து நடக்கும்போது, இறந்தவர்களின் ஊரையும் தெருவையும் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் தொழில் விபத்துச் சாவுகளில் சாதிக் கணக்கு எடுப்பதில்லை. எடுக்காத கணக்கை வைத்துக்கொண்டு நாம் நீதி கேட்க முடியாது. உரிமம் யார் பெயரில் இருந்தது, கடைசிச் சோதனை எப்போது, அதில் என்ன குறை எழுதினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாவட்ட வருவாய் அலுவலகத்திடம் ஒரு மனு, வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையான 'பெசோ'விடம் ஒரு மனு, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திடம் ஒரு மனு. மூன்று பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவது தெரியும்.

சட்டம் படிக்கிறவர்கள் இழப்பீட்டு வழக்குகளை எடுத்து நடத்துங்கள். முன்பணமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்ட குடும்பங்களுக்கு, அது முடிவல்ல என்று சொல்ல ஆள் வேண்டும். வேதியியல் படிக்கிறவர்கள் மருந்து அறைக்குள் போகிற அக்காமாருக்கு அந்த மருந்து என்ன, எதனால் பற்றும் என்பதைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இன்றுவரை அது பலருக்கு 'வெள்ளை மருந்து', 'கறுப்பு மருந்து' மட்டும்தான். ஊருக்குத் திரும்புகிறவர்கள் நல வாரியத்தில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று உங்கள் தெருவில் மட்டும் எண்ணிப் பாருங்கள்.

டெல்லியில் மூன்று குழந்தைகளின் பெயரில் ஒரு வழக்கு போனதால் ஒரு நாடே பட்டாசின் கலவையை மாற்றியது. அது முடியும் என்றால், ஒரு பெட்டிக்கு ஒரு ரூபாயும் ஓர் அறைக்கு நாலு பேரும் ஏன் முடியாது? நுண்துகளை எண்ணக் கற்றுக்கொண்ட நாட்டை, நம் ஆட்களையும் எண்ண வைக்க வேண்டும். அந்த வேலையை நமக்காக வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

ஜெய் பீம்.